கணினி வந்தது, கட்சிக்காரருக்கு என்ன பயன்?

மாவட்ட நீதிமன்றங்களை ஒட்டிய தெருக்களில் உள்ள வழக்கறிஞர் அலுவலகங்கள் பலவற்றில் இன்றும் மாறாத காட்சி ஒன்று உண்டு. சுவரை மறைக்கும் சட்ட இதழ்த் தொகுதிகள், நாடாவால் கட்டப்பட்ட வழக்குக் கட்டுகள், அவற்றுக்கு நடுவே ஒரு கணினி. அந்தக் கணினி பெரும்பாலும் தட்டச்சுப் பொறியின் வேலையையே செய்கிறது. மனு தட்டச்சாகிறது, அச்சாகிறது, கட்டில் சேர்கிறது. அதன்பின் எல்லாம் பழைய முறைதான்.

பொருளியல் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோது, நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் பெரிய மின்மோட்டாரை வைத்தார்களே தவிர, மற்ற அமைப்பைப் பலர் மாற்றவில்லை. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, வேலை நடக்கும் ஒழுங்கையே மாற்றிய பிறகுதான், 1920-களில், உற்பத்தித்திறன் வெகுவாக உயர்ந்தது. பொருளியல் வரலாற்றறிஞர் பால் டேவிட் 1990-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பாடத்தைக் கணினிக்கும் பொருத்திக் காட்டினார். நம் வழக்கறிஞர் அலுவலகங்கள் பல இன்னும் அந்த முதல் கட்டத்திலேயே நிற்கின்றன.

அரசுத் தரப்பில் முதலீட்டுக்குக் குறைவில்லை. 2007-இல் தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு, 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.7,210 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கங்கள் கொண்ட தனி அடையாளம் உள்ளது. அதைக் கொண்டு அடுத்த விசாரணைத் தேதியைக் கைப்பேசியிலேயே அறியலாம். 2023 ஜனவரி முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இதன் பொருளாதார முக்கியத்துவம் பெரிது. ஒரு காலத்தில் நல்ல சட்ட நூலகமே இத்தொழிலின் மூலதனம். தந்தையும் பாட்டனாரும் சேர்த்த நூல்கள் உள்ளவருக்கும், முதல் தலைமுறை வழக்கறிஞருக்கும் இடையே எழுந்து நின்ற மதில் அது. அந்த மதில் இப்போது தாழ்ந்துவிட்டது. சிறிய ஊரில் தனியாகத் தொழில் செய்பவரும் பெருநகர நிறுவனம் படிக்கும் அதே தீர்ப்பை அதே நாளில் படிக்கலாம். ஆகவே, தொழில்நுட்பத்தால் பெரிய நிறுவனங்களைவிடச் சிறிய அலுவலகங்களே கூடுதல் ஆதாயம் பெறக்கூடும் என்பது என் கணிப்பு.

அந்த ஆதாயம் எங்கே பிறக்கிறது? முதலாவதாக, காலக்கெடுவில். காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த பின் பணம் செலுத்த 15 நாள் அவகாசம். அதுவும் கடந்தால் ஒரு மாதத்துக்குள் புகார். வணிக வழக்குகளில் எதிருரை தாக்கல் செய்ய 120 நாள்களே உச்சவரம்பு. நாட்குறிப்பில் ஒரு வரி விடுபட்டால் கட்சிக்காரரின் உரிமையே பறிபோகும். முன்கூட்டியே எச்சரிக்கும் எளிய நாள்காட்டி மென்பொருளுக்கு ஆகும் செலவு, அந்த இழப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, சான்றில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்துடன் தரப்பட வேண்டிய சான்றிதழில் அக்கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். நிபுணரும் கையொப்பமிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலும் கண்காணிப்புக் கேமரா பதிவும் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் காலத்தில், இதை அறியாத அலுவலகம் நல்ல வழக்கையும் தோற்கும்.

எச்சரிக்கையும் தேவை. 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி புனைந்து தந்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கருவி எழுதித் தரலாம். ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் சரிபார்க்கும் பொறுப்பு மனிதருடையது. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன இரகசியத்தை இலவசச் செயலிகளில் உள்ளிடுவதும் தொழில் அறத்துக்கு இழுக்கே.

எனினும் பெரிய தடை கருவியில் இல்லை. கட்டண முறையில் இருக்கிறது. என்னிடம் படித்துப் பின் வழக்கறிஞரான மாணவி ஒருவர் ஒருமுறை சொன்னார்: “ஐயா, தேதி பார்க்க எழுத்தரை அனுப்புவதை நிறுத்திவிட்டோம். ஆனால், கட்சிக்காரர் இன்னும் தேதி கேட்டு நேரில்தான் வருகிறார்.” அலுவலகத்தின் அலைச்சல் குறைந்தது, கட்சிக்காரரின் அலைச்சல் குறையவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்டணம் வாங்கும் முறையில், வேலையை விரைந்து முடிப்பவருக்கு வருமானம் குறைகிறது. ஊக்கமே எதிர்த்திசையில் இருக்கும்போது எந்த மென்பொருளும் வழக்கை விரைவுபடுத்தாது.

ஆதலால் மூன்று மாற்றங்கள் வேண்டும். வழக்கின் கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்குமான கட்டணத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். வட்ட அளவிலான வழக்கறிஞர் சங்கங்கள் வருடிகள், மென்பொருள், பாதுகாப்பான சேமிப்பு ஆகியவற்றைக் கூட்டாக வாங்கிப் பகிர வேண்டும். தனியொருவருக்குச் சுமையாகும் செலவு நூறு பேருக்குச் சுமையாகாது. நீதிமன்ற நடைமுறையை விரல்நுனியில் வைத்திருக்கும் எழுத்தர்களை வீட்டுக்கு அனுப்பாமல், மின்தாக்கலிலும் ஆவண மேலாண்மையிலும் பயிற்றுவிக்க வேண்டும். அவர்களின் அனுபவத்தை எந்தக் கணினியும் விலைக்கு வாங்கித் தராது.

நாட்டின் மாவட்ட, சார்நிலை நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன. ஒவ்வொன்றின் பின்னாலும், ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறி வரும் ஒருவர் இருக்கக்கூடும். அலுவலகத்தில் எத்தனை கணினிகள் உள்ளன என்பதைக் கொண்டு நவீனத்தை அளக்க வேண்டாம். அவர் எத்தனை முறை வீணாக வந்து திரும்பினார் என்பதே சரியான அளவுகோல். அந்த எண்ணிக்கை குறையும் அலுவலகத்தைத் தேடிக் கட்சிக்காரர்கள் தாமாகவே வருவார்கள்.