பாங்காக்கில் என்ன இருக்கிறது?

டிசம்பர் விடுமுறைக்குப் பாங்காக் போகிறேன் என்று துறை அறையில் சொன்னேன். "சாரும் வர்றாரா மேடம்?" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். தனியாகத்தான் என்றேன். "அப்போ பிரச்சினை இல்ல. சார் தனியாப் போனாத்தான் விஷயம்" என்றார் இன்னொருவர். அறை சிரித்தது. அகத்திணையும் களவொழுக்கமும் பாடம் நடத்துகிறவர்கள்தான். நானும் வாயை மூடிக்கொண்டு புன்னகைத்தேன். அந்தப் புன்னகைக்காக வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஆண்களின் பேச்சில் பாங்காக் என்ற சொல்லோடு ஒரு கண்சிமிட்டல் ஒட்டியே வருகிறது. ஒரு ஆண் போகிறேன் என்றால் எதிரில் இருப்பவரின் உதடு தானாக வளைகிறது. ஒரு பெண் போகிறேன் என்றால், அங்கே உனக்கென்ன வேலை என்று பார்க்கிறார்கள்.

என் பெரியம்மா மகன் ஒரு சிற்றூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். ஆண்டு விற்பனை இலக்கை எட்டும் டீலர்களைக் கம்பெனி பாங்காக் அழைத்துப் போகும். அண்ணன் இரண்டு முறை போய்வந்துவிட்டார். காலை எட்டரைக்குக் கடை திறப்பது அண்ணி. கலர் மெஷின் முன்னால் நிற்பது, கடன் நோட்டு எழுதுவது, பாக்கி வைத்த மேஸ்திரிக்குப் போன் போட்டு வசூலிப்பது, ஜிஎஸ்டி பில்களை ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாமே அண்ணி. இலக்கை எட்டியவர் ஒருவர், விமானம் ஏறியவர் இன்னொருவர். பெட்டியில் சட்டைகளை மடித்து அடுக்கியதும் அண்ணிதான். நான் கிளம்புவது தெரிந்ததும் போன் செய்தார். "நீ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லும்மா. அங்க அப்படி என்னதான் இருக்கு?"

அண்ணனிடம் இரண்டு முறை கேட்க நினைத்து விழுங்கிய கேள்வி அது. அதற்காகவே ஒரு நாள் முழுக்க நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையில் சாத்தோன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினேன். தகர உருளையைக் கிலுக்கிக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் ஒரு பெண். சாவ் ப்ரயா ஆற்றில் தா தியன் துறையில் இறங்கினால் பக்கத்திலேயே வாட் போ ஆலயம். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறார் புத்தர். பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். யாருடைய தண்ணீர் பாட்டிலையும் சுமக்காமல், யாருக்குப் பசிக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் நான் ஒரு கோயிலைச் சுற்றி வந்தது நாற்பது வயதைத் தாண்டி அன்றுதான் முதல் முறை. காசு விழும் ஒவ்வொரு சத்தமும் எனக்குக் கேட்டது.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பாக் க்லோங் தலாட், பூச்சந்தை. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து மல்லிகை மொட்டுகளை நீண்ட ஊசியில் கோத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதை 'மாலை' என்றுதான் சொல்கிறார்கள். அந்த விரல்களைப் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினேன். ஒருவர் உள்ளங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். சுருக்கென்றது. கேட்காமல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் என் கையிலும் இருக்கிறது. பையில் காசுள்ள வெளியூர்க்காரிக்கு அது சீக்கிரம் வந்துவிடுகிறது.

மதியம் வாட் சுதாட் முன்னால் நிற்கும் பெரிய ஊஞ்சலைப் பார்த்தேன். தமிழ் படித்தவள் பாங்காக் போய் அதைப் பார்க்காமல் வர முடியாது. சுமார் 21 மீட்டர் உயரத்தில் சிவப்புத் தூண்கள் மட்டும் நிற்கின்றன; ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனது. பக்கத்துத் தேவஸ்தானத்து அந்தணர்கள் மற்றச் சடங்குகளை இன்றும் செய்கிறார்கள். அந்த விழாவின் பெயர் த்ரியம்பவாய் - த்ரிபவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். கடல் கடந்த தமிழ் என்று இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத தமிழ்ப் பேராசிரியர் குறைவு. திருப்பாவை யாருடையது? தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே வாய்திறந்து சொன்ன ஒரு பெண்ணுடையது. மேடையில் அவளுக்காக மார்தட்டுகிறவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் அதே ஊரின் பெயரைச் சொல்லிக் கண்சிமிட்டுகிறார்கள்.

பசித்தது. சந்து முனையில் என் வயதுப் பெண் ஒருவர் நடைபாதையில் கடை போட்டிருந்தார். மண் உரலில் பூண்டும் மிளகாயும் நசுக்கி, பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, காராமணி, தக்காளி, வேர்க்கடலை சேர்த்து, சீவிய பப்பாளிக்காயைப் போட்டு ஒரு கையால் இடித்து மறுகையால் கரண்டியில் புரட்டினார். சோம் தம். எத்தனை மிளகாய் என்று விரலால் கேட்டார். மூன்று விரல் காட்டினேன். சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போட்டார். நான் கண்ணீர் விட்டுக்கொண்டே தின்றதைப் பார்த்துச் சிரித்து, ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். நடைபாதை ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து தின்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் ஊரில் ஒரு டீக்கடை பெஞ்சில் எனக்கு இது வாய்த்ததில்லை.

அதே வட்டாரத்தில்தான் ஜே ஃபாயின் கடை. எழுபதைத் தாண்டிய வயதிலும் கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு கரியடுப்பில் நண்டு ஆம்லெட் போடுகிறவர். பாங்காக்குக்கு முதன்முதலாக மிஷலின் கையேடு வந்தபோதே நட்சத்திரம் பெற்றவர். உலகம் அவர் வாசலில் வரிசை நிற்கிறது. நல்லது. ஆனால் 2014 ராணுவ ஆட்சிக்குப் பிறகு, ஒழுங்கு என்ற பெயரில் பல தெருக்களிலிருந்து நடைபாதைக் கடைகளைக் காலி செய்ததும் இதே நகரம்தான்.

சோம் தம் வடகிழக்குத் தாய்லாந்தின் உணவு. நிலம் வறண்டு, கடன் ஏறி, அங்கிருந்து நகரத்துக்கு வந்த பெண்களில் சிலர் உரல் பிடித்தார்கள். சிலர் மசாஜ் கூடத்துக்கும் மதுக்கூடத்துக்கும் போனார்கள். பாலியல் தொழிலை 1960இலேயே அந்நாட்டு அரசு சட்டப்படி தடை செய்தது. 1967இல் வியட்நாம் போரிலிருந்த அமெரிக்க வீரர்களின் ஓய்வுக்கும் களிப்புக்கும் ஒப்பந்தம் போட்டதும் அதே அரசு. தண்டனை பெண்ணுக்கு, டாலர் அரசுக்கு, களிப்பு ஆணுக்கு. போர் முடிந்து வீரர்கள் போனார்கள். காலியான நாற்காலியில் டீலர்கள் உட்கார்ந்தார்கள்.

எல்லா ஆண்களுமா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் சிரிப்பில் எல்லோரும் சேர்ந்துகொள்கிறீர்கள். அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களோடு எனக்குச் சண்டை இல்லை. தங்களைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை நீக்கச் சொல்லி அவர்கள் அமைப்பாகவே போராடுகிறார்கள். என் சண்டை, அங்கே போய்விட்டு வந்து இங்கே மகளின் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல்கிறவரோடு. அண்ணியின் உழைப்பில் வாங்கிய டிக்கெட்டில் போய், அண்ணியிடமே வாய் திறக்காதவரோடு.

ஊர் திரும்பியதும் அண்ணியிடம் எல்லாம் சொன்னேன். சோம் தம் விற்றவரின் படத்தைக் காட்டினேன். இம்முறை கேட்டுவிட்டு எடுத்தது. நெடுநேரம் பார்த்தார். "இந்த எடத்துக்கு வாடகை எவ்வளவாம்? ஒரு நாளைக்கு என்ன மிச்சமாகும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கடை நடத்துகிறவளுக்குத் தோன்றுகிறது.

இந்த ஆண்டும் இலக்கை எட்டிவிடுவார்களாம். அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். டிக்கெட்டில் அண்ணியின் பெயரைப் போடுங்கள். போய், அந்த வாடகையைக் கேட்டு வரட்டும்.