பலூன் வச்ச பிறகு

2002இல் அத்தைக்குப் பலூன் வைத்தார்கள். அப்போது அத்தைக்கு வயது 26, நான் ஆறாம் வகுப்பு. இரண்டாவது பிள்ளை ஆறு மாதம் வயிற்றில் இருந்தது. கர்ப்பத்தில் உடம்பின் ரத்தம் கிட்டத்தட்ட பாதி அளவு கூடும், சுருங்கிய வால்வு அதைத் தாங்காது. பென்னாகரத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மூச்சு வாங்க வாங்கப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் திரும்பி வந்து, "அடைப்ப எடுத்துட்டாங்க கண்ணு, இனி ஒண்ணுமில்ல" என்றார்.

நம் ஊர் மருத்துவம் சொல்லும் பொய்களிலேயே மிக இனிமையானது அந்த 'இனி ஒண்ணுமில்ல'தான்.

சின்ன வயதில் தொண்டைப் புண்ணாக வரும் கிருமி சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறுகிறது. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பு தன் இதய வால்வையே அடித்துவிடுகிறது. வால்வின் இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1984இல் ஒரு முறையை வெளியிட்டார். தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை அனுப்பி, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரைத் துளைத்து, வால்வுக்குள் ஊதி, ஒட்டியதைப் பிரிப்பது. நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. அற்புதமான விஷயம், அதில் எனக்குச் சண்டையே கிடையாது. அத்தையும் அந்தப் பிள்ளையும் பிழைத்தது அதனால்தான்.

ஆனால் பலூன் வால்வைப் புதுசாக்குவதில்லை. தழும்பேறிய அதே வால்வுதான் உள்ளே இருக்கிறது. பத்து, பதினைந்து வருடங்களில் நிறையப் பேருக்கு மறுபடி சுருங்கும். சிலருக்குக் கசியும். வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கி வீங்கிய மேலறை ஒருநாள் ஒழுங்காகத் துடிப்பதை நிறுத்திவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகும். அத்தைக்கு 41 வயதில், களி கிண்டிக்கொண்டிருக்கையில், துடுப்பு வலது கையிலிருந்து நழுவியது. பேச்சு திரும்பிவிட்டது. கை பாதிதான் திரும்பியது.

இடையில் என்ன நடந்தது? மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் போட்டார். அப்புறம் பக்கத்து ஆஸ்பத்திரியில் "ரியாக்‌ஷன் ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கையை விரித்தார்கள். வருடாவருடம் எக்கோ எடுக்கச் சொல்லியிருந்த சீட்டு மஞ்சப்பையில் பத்திரமாக இருந்தது. ஸ்ட்ரோக் வந்து சேர்த்தபோது கேட்ட முதல் கேள்வி: "ஃபாலோ-அப் ஏன் வரல?"

என் தொழிலில் கோடை ப்ரொடக்‌ஷனுக்கு ஏற்றும் நாளில் கேக் வெட்டுவோம். ஆனால் அன்று ராத்திரி யார் ஆன்-கால் என்று முடிவு செய்யாமல் வெட்ட மாட்டோம். சர்வர் விழுந்தால் "நீ ஏன் வந்து சொல்லல?" என்று பயனரைத் திட்டினால் வேலை போய்விடும். இங்கே காப்பீட்டின் கணக்கு பெரும்பாலும் படுக்கையில் ஆரம்பித்துப் படுக்கையிலேயே முடிகிறது. பேப்பரில் படம் வருவதும் அந்தப் படுக்கையோடுதான்.

அத்தைக்குப் பலூன் வைத்த அதே 2002இல், பிரான்சின் ரூவான் நகரில் அலன் க்ரிபியே முதன்முறையாகக் குழாய் வழியே ஒரு முழு பெருந்தமனி வால்வையே பொருத்தினார். அதுதான் இன்று டாவி. அந்த வால்வு எத்தனை வருடம் உழைக்கும், ஓரத்தில் கசியுமா, பேஸ்மேக்கர் தேவைப்படுமா என்று நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதுகிறார்கள். எழுதட்டும். பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். எங்கள் பக்கம் குழாய் ஏறுவது இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு. அவளுக்கு இன்னும் ஐம்பது வருடம் ஓட வேண்டும். பின்தொடர ஆள்?

"இப்பதான் ரத்தம் டெஸ்ட் பண்ணத் தேவையில்லாத மாத்திரை வந்துடுச்சே" என்று பெங்களூர் நண்பர்கள் சொல்வார்கள். 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடமே சாவு குறைவு. ஆக, ஐ.என்.ஆர். பரிசோதனையிலிருந்து அத்தைக்குத் தப்பில்லை. 2க்குக் கீழே போனால் கட்டி, 3க்கு மேலே ஏற ஏற ரத்தக்கசிவு பயம். இரண்டு பஸ் மாறித் தருமபுரி, அன்றைய கூலி போச்சு. "கீரை சாப்பிடாதே" என்று யாரோ சொன்னதால் எட்டு வருடமாக முருங்கைக்கீரையைத் தொடவில்லை. கீரையைத் தினமும் ஒரே அளவில் சாப்பிட்டு அதற்கேற்ப மாத்திரை அளவை வைக்கலாம் என்று விளக்க யாருக்கும் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. களிக்குக் கடைந்த கீரை இல்லாமல் எங்கள் ஊரில் ஒருத்தர் எட்டு வருடம் சாப்பிடுவது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வழி தெரியாமல் கத்தவில்லை. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு ஆள் வர முடியும் என்று இந்த மாநிலம் காட்டிவிட்டது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஐ.என்.ஆர். சொல்லும் கருவி சுகர் மிஷின் மாதிரிதான் இருக்கும். அது அந்தப் பையில் ஏறட்டும். பலூன் வைத்த ஒவ்வொருவர் பெயரும், அடுத்த ஊசித் தேதியும், கடைசி எக்கோ தேதியும் மாவட்டத்தில் ஒரே பதிவேட்டில் இருக்கட்டும். தேதி தாண்டினால் ஆஸ்பத்திரி கூப்பிடட்டும். இதற்கு ஏஐ வேண்டாம், ஒரு எக்செல் ஷீட் போதும். வேண்டுமானால் நானே போட்டுத் தருகிறேன்.

அத்தைக்கு அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.