கம்பம் ஏறுகிறவனுக்குக் காகிதம் வேண்டாமா?

மின்சார வாரியத்தில் களவேலைக்கு ஆள் போதாது என்பதில் இன்று யாருக்கும் தகராறு கிடையாது. வெளியிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதா, அல்லது பத்துப் பதினைந்து வருஷமாக ஒப்பந்தக் கூலி என்னும் பேரால் அதே கம்பத்தில் ஏறி இறங்குகிறவனுக்குத் தெரியாத பாக்கியைச் சொல்லிக்கொடுத்து அவனையே எடுத்துக்கொள்வதா என்பதுதான் தகராறு. பின்னதையே முதலில் செய்யவேண்டும் என்பது நமது அபிப்பிராயமாகும்.

கீரமங்கலம் பக்கத்தாருக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயலில் தென்னையும் பலாவும் மின்கம்பமும் ஒன்றாக விழுந்தன. புயல் அடித்த ஜில்லாக்களில் லட்சத்திற்கு மேற்பட்ட கம்பங்கள் போயின. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பூப் பயிரிடும் ஊரில் கரண்டு நின்றால் குடிதண்ணீரும் நின்றது. அப்போது கேரளத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு நின்று குழி தோண்டிக் கம்பி இழுத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். அன்றைக்கு எந்த அதிகாரியாவது, "உன் சர்ட்டிபிகேட் எங்கே?" என்று கேட்டாரா?

ஆனால் வேலை நிரந்தரம் என்றவுடன் யோக்கியதை பேசவருகிறார்கள்! 2019ல் வாரியம் கேங்மேன் என்ற புது உத்தியோகத்திற்கு 5,000 பேர் வேண்டுமென விளம்பரம் செய்து, பின்னர் தொகையை உயர்த்தி, 2021ல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு உத்தரவு கொடுத்தது. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்கள்மீது நமக்கு ஆத்திரமில்லை. ஆனால் குழி தோண்டவும் கம்பம் நடவும் எடுத்த ஆட்களைக் கரண்டு ஓடும் கம்பி வேலைக்கும் ஏவுகிறார்கள் என்று சங்கங்கள் முறையிட்டன. கரண்டடித்து மாண்டவர்களும் உண்டு. ஆகவே புது ஆள் எடுத்தால் பயிற்சிச் செலவு மிச்சம் என்பது வெறும் பொய்க்கணக்கு.

2025ல் தேர்வாணையத்தின் மூலம் 1,794 கள உதவியாளர்களுக்கு விளம்பரம் வந்தது. அதற்கு ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட் வேண்டும், வயது வரம்பும் உண்டு. காண்டிராக்டரிடம் வாலிபத்தைக் கழித்தவனுக்கு இரண்டும் முட்டுக்கட்டை. எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து எந்தத் தோப்புக்குக் கம்பி போகிறது என்பது அவனுக்குத் தெரியும். எர்த் போடுவதன் காரணமும், கரண்டை நிறுத்தியதை எழுத்தில் வாங்கிக்கொண்டே ஏறவேண்டும் என்ற ஒழுங்கும் தெரியாமலிருக்கலாம். இது சில மாதத்தில் கற்பிக்கக்கூடிய சங்கதியே தவிர, பிறவியிலேயே வரவேண்டிய ஞானமல்ல. ஒரு கூட்டத்தார்க்கு அறிவு பிறப்பிலேயே வரும், மற்றவர்க்கு வராது என்ற பழைய புரட்டைத்தானே இப்போது சர்ட்டிபிகேட்டின் பேரால் சொல்லுகிறார்கள்?

வழியில்லாமலும் இல்லை. மூன்று வருஷ அனுபவமுள்ளவர் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாமென விதி இருக்கிறது. 1990களில் நீதிபதி காலித் கமிஷன் சொன்னபடி பதினெண்ணாயிரம் ஒப்பந்தத் தொழிலாளர்களை இதே வாரியம் எடுத்துக்கொண்டது. அதனால் நாடு இருண்டுபோய்விடவில்லை.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. அனுபவத்திற்கு அத்தாட்சி கேட்டால் தொழிலாளி எங்கே போவான்? காண்டிராக்டர் கணக்கில் அவன் பேர் இருப்பதில்லை. கூலி கையில் வருகிறது, கையோடு போகிறது. ஆதலால் ஒவ்வொரு பிரிவு ஆபீசிலும் இன்று வேலைக்கு வந்தவன் யார், எந்தக் கம்பத்தில் ஏறினான் என்று எழுதி, அதன் நகலை அவன் கையில் கொடுக்கட்டும். பயிற்சியைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.