மணலும் திரையும்

தற்காலத்துப் பள்ளிக்கூடங்களில் இரண்டு கட்சிகள் உண்டு. பாடத்தைத் திரையில் காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் புத்தி விருத்தியாகும் என்பது ஒரு கட்சி. திரை வந்தது, படிப்புப் போயிற்று என்பது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் வாதாடும்போது நாம் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. இருவரும் கருவியைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசக் காணோம்.

அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத இந்த வாரம் நமக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. அதை அளித்தவர் பெரிய கல்வி நிபுணர் அல்ல. இருபத்து மூன்று வயதுள்ள ஒரு பயிற்சி ஆசிரியை.

பி.எட். படிப்பு 2015-ஆம் ஆண்டு முதல் இரண்டு வருஷப் படிப்பாயிற்று. இரண்டாம் வருஷத்தில் 16 வாரம் மாணவ ஆசிரியர்கள் ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிப் பாடம் நடத்த வேண்டும். கலாசாலையிலிருந்து பேராசிரியர் ஒருவர் நாள் குறித்துக்கொண்டு வருவார். கடைசிப் பெஞ்சியில் அமர்ந்து மார்க்குப் போடுவார். அவர் வருகிற தினத்தில் வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளும் நாற்பது பொம்மைகளாகி விடுவார்கள். அன்றன்று நடத்திய பாடத்தைப் பற்றித் தம் மனத்தில் தோன்றியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. அநேகர் அதைக் கடைசி வாரத்தில் ஒரே இரவில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். உடுமலைப்பேட்டையில் நமது பள்ளிக்கு வந்த இந்த அம்மையாரோ அன்றாடம் எழுதினார். எழுதியதை நம்மிடம் படிக்கவும் கொடுத்தார். அவருடைய சம்மதத்தின் பேரில்தான் இதை எழுதுகிறோம்.

எட்டாம் வகுப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட பாடம், காற்றிலிருந்து மின்சாரம் உண்டாகும் விதம். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை மதிற்சுவரைப் போல் நீண்டு செல்லுகையில், பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரங்களின்மீது வீசுகிறது. ஆடி மாதத்தில் கொடியில் உலர்த்திய வேஷ்டியைப் பக்கத்துத் தோட்டத்தில் போய்த் தேட வேண்டியிருக்கும். இந்தக் காற்றை நம்பித்தான் குடிமங்கலம், பூளவாடிப் பக்கங்களில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் எழுந்தன. நமது பள்ளி மாடி வராந்தாவில் நின்றால் அவற்றில் சில கண்ணுக்குத் தெரியும்.

அம்மையார் இணையத்திலிருந்து ஒரு நல்ல படத்தைத் தேடி எடுத்து வந்தார். இக்காலத்தில் அது சிரமமான காரியமன்று. 2018-ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களில், பாடத்தோடு பாடமாகக் கியூ.ஆர். கோடு என்னும் கறுப்பு வெள்ளைக் கட்டமும் அச்சாகியிருக்கிறது. செல்போனை அதன்மேல் காட்டினால் படம் ஓடும். ‘அ’ பிரிவில் படம் தங்கு தடையின்றி ஓடிற்று. இறக்கை சுழல்வதும், அதற்குப் பின்னாலுள்ள பல்சக்கரங்கள் வேகத்தைக் கூட்டுவதும், மின்னாக்கி மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புவதும் வர்ண வர்ணமாகத் தெரிந்தன. பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. “புரிந்ததா?” என்று ஆசிரியை கேட்டார். “புரிந்ததுங்க மிஸ்!” என்று நாற்பது குரல் ஒன்றாய் எழுந்தது. கடைசிப் பெஞ்சியில் இருந்த பேராசிரியருக்குப் பரம திருப்தி. மார்க்கும் தாராளமாக விழுந்தது.

மறுநாள் ‘ஆ’ பிரிவு. அதே படம், அதே திரை. ஆனால் பாதியில் இணைப்பு நின்றுவிட்டது. திரையின் நடுவே சிறு வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கிற்று, காற்றாலை சுற்றவில்லை. வட்டம் நிற்கும் வரையில் பொழுதைப் போக்க வேண்டுமே என்பதற்காக, “இனிமேல் படத்தில் என்ன வரும், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று ஆசிரியை கேட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்தான்.

“கரண்டு உடுவாங்க மிஸ். அப்புறம் அந்தப் பெரிய பேன் சுத்துமுங்க. அது சுத்தறதுனாலதானுங்க நம்மூருக்கு இத்தனை காத்து!”

ஆசிரியை திகைத்துப் போனார். பையனைப் பார்த்து யாரும் சிரிக்காதது அவரை இன்னும் அதிகமாகத் திகைக்க வைத்தது. பாதி வகுப்பு, ‘சரிதான்’ என்று தலையை ஆட்டியது.

நேயர்கள் அந்தப் பையனை மூடன் என்று எண்ணிவிட வேண்டாம். பிறந்தது முதல் அவன் கண்ட விசிறிகள் எல்லாம் மின்சாரத்தால் சுற்றிக் காற்றைக் கொடுப்பவை. வீட்டுக் கூரையில் சிறிய விசிறி. வயல்வெளியில் பெரிய விசிறி. தன் அனுபவத்திலிருந்து முறையாகவே அவன் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். முடிவு தலைகீழ் என்பது ஒன்றுதான் குறை. எத்தனை வர்ணப் படம் வந்தாலும் அந்தத் தலைகீழ் எண்ணத்தை அசைக்காது. ஏனென்றால், படத்திலும் இறக்கை சுற்றத்தான் செய்கிறது. காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை!

ஆசிரியை பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்துச் சென்றார். காகிதத்தில் காற்றாடி செய்து ஆளுக்கொன்று பிடிக்கச் சொன்னார். வராந்தாவில் சுற்றிய காற்றாடி, சன்னலை மூடிய அறைக்குள் நின்றுவிட்டது. “தை, மாசியில் காற்றாலை எப்படி இருக்கும்?” என்று கேட்டார். “பல நாள் சும்மா நிக்குமுங்க” என்றாள் ஒரு பெண். “கரண்டுதான் சுற்றுகிறது என்றால், அப்போது ஏன் நிற்கிறது?” பதில் வரச் சற்று நேரமாயிற்று. பிறகு அந்தப் பையனே, “அப்படின்னா காத்துதானுங்க அதைச் சுத்துது” என்றான். அன்றைய பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

அதன் பிறகு அம்மையார் செய்த காரியம்தான் நம் மனத்தைக் கவர்ந்தது. முந்திய நாள் மார்க்கு வாங்கிக் கொடுத்த ‘அ’ பிரிவுக்குப் போய், அதே கேள்வியைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். புரிந்தது என்று ஒரே குரலில் கூறியவர்களில் பதினான்கு பேர், காற்றாலைதான் காற்றை உண்டாக்குகிறது என்று எழுதியிருந்தார்கள். அன்றிரவு அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதன் சாரம் இது: திரை பிள்ளைகளுக்குக் காற்றாலையைக் காட்டிற்று, பிள்ளைகளைத் தமக்குக் காட்டவில்லை. இணைப்பு அறுந்த பிறகே பிள்ளைகள் தம் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

வகுப்பறைக் கருவி எதையும் நிறுக்க வேண்டிய தராசு இதுவே என்பது நமது அபிப்பிராயம். பிள்ளைக்கு உலகத்தைக் காட்டினால் மாத்திரம் போதாது. ஆசிரியருக்குப் பிள்ளையின் மனத்தையும் காட்ட வேண்டும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கருவி மணல். பிள்ளை விரலால் எழுதும். சட்டாம்பிள்ளை பக்கத்தில் இருந்து பார்ப்பான். சுழி தவறினால் தவறிய கணமே தெரியும். அழித்து மறுபடி எழுதலாம். எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று இருந்த விடுதிப் பள்ளியை 1789 முதல் மேற்பார்த்து வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இப்படி மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்தி, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி அவர் புத்தகம் வெளியிட, அது ‘சென்னை முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. காசு பெறாத மணலுக்கு அத்தனை மதிப்பு வந்த காரணம் என்ன? பிள்ளையின் தவறு அதில் உடனே தெரிந்தது; அதைத் திருத்த ஒருவர் அருகிலேயே இருந்தார். அவ்வளவுதான்.

இந்தத் தராசைக் கொண்டு அண்மைக் காலத்தை நிறுத்துப் பார்ப்போம். கொள்ளை நோயின் காரணமாக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி; ஏறக்குறைய பத்தொன்பது மாதம்! அதற்கிடையில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிற்று. செல்போன் வழியாகவும் வகுப்புகள் நடந்தன. அவையும் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செல்போன் திரையில் ஆசிரியர் கண்டது பிள்ளைகளின் பெயர்களைத்தானே? பெயர் இருந்தது, பிள்ளை இருந்ததா? ஒரே செல்போனைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்ற வீடுகள் எத்தனை! வகுப்பில் ‘ஆஜர்’ என்று குறிக்கப்பட்ட அதே வேளையில் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கிய பிள்ளைகள் எத்தனை! ஆசிரியருக்கு அது தெரியவில்லை; தெரிவிக்கும் சக்தி அந்தக் கருவிக்கு இல்லை.

அரசாங்கமே இதற்குக் கண்ட மருந்தும் கவனிக்கத் தக்கது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் பெண்கள், மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டாம்பிள்ளை மறுபடி திண்ணைக்கு வந்துவிட்டான்; இந்தத் தடவை அக்காவின் ரூபத்தில்!

அப்படியானால் திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது. மனித இருதயத்தின் நான்கு அறைகளும் சுருங்கி விரிவதை எந்த வராந்தாவில் நின்று காட்ட முடியும்? கடலைக் காணாத உடுமலைப் பிள்ளைக்கு அலையைக் காட்டத் திரைதான் வேண்டும். வாசலில் இருப்பதை வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வாசலுக்கு வராததைத் திரையில் பார்க்க வேண்டும். அதே கருவி, சரியாகக் கையாண்டால், பிள்ளையையும் காட்டும். நமது அம்மையார் அடுத்த வாரம் ஹைடெக் லேபில் பத்துக் கேள்விகளுக்குப் பிள்ளைகளைக் கணினியில் பதில் போடச் சொன்னார். எந்தக் கேள்வியில் எத்தனை பேர், எந்தத் தவறான விடையைத் தேர்ந்தார்கள் என்பது ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகே அடுத்த பாடத்தை எழுதினார். இது மணலுக்குச் சமமான உபயோகம். நாற்பது மணல் பலகைகளை ஒருங்கே பார்ப்பதற்குச் சமம் என்றும் சொல்லலாம்.

இரண்டாம் தடவை பேராசிரியர் வந்தபோது, அம்மையார் படத்தை மூன்று இடங்களில் வேண்டுமென்றே நிறுத்தினார். “இனி என்ன வரும்? ஏன்?” என்று கேட்டார். வகுப்பில் ஏகக் கூச்சல். ஒருவன் சொன்னதை மற்றொருவன் மறுத்தான். பாடம் முழுவதும் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. ‘வகுப்பு அமைதியாக இல்லை, பாடம் பூர்த்தியாகவில்லை’ என்று குறிப்பு எழுதப்பட்டது. மார்க்கும் முன்னைவிடக் குறைந்தது. அம்மையார் அதற்காக வருந்தவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். மார்க்கு குறைந்தால் நாளைய உத்தியோகத்துக்கு என்ன ஆகுமோ என்ற கவலை, சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இல்லாமற் போகுமா? ஆயினும் மறுநாள் பாடத்திலும் அவர் படத்தை நிறுத்தினார். அதை நாம் அடுத்த அறையிலிருந்தே தெரிந்துகொண்டோம், கூச்சல் கேட்டது.

பயிற்சி ஆசிரியர்களுக்கு மார்க்குப் போடும் பெரியோர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்று உண்டு. கடைசிப் பெஞ்சியிலிருந்து திரையை மாத்திரம் பார்க்காதீர்கள். முன் பெஞ்சிப் பிள்ளையின் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். வகுப்பின் மௌனம் புரிந்துகொண்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். புரியாததை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம்.

வீட்டிலுள்ள தாய் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் ‘மணற்கேணி’ என்ற பெயரில் பாடப் படங்களுக்கான செயலியை வெளியிட்டது. உங்கள் பிள்ளையும் மாலையில் செல்போனை வைத்துக்கொண்டு அதையோ அது போன்ற வேறொன்றையோ பார்க்கக் கூடும். பிள்ளையிடம், “பார்த்து முடித்தாயா?” என்று கேட்காதீர்கள். ஓடுகிற படத்தைப் பாதியில் நிறுத்தி, “இனி என்ன வரும், சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பிள்ளை சொல்வது தவறானால் மிகவும் நல்லது. நாளைக்கு ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது.

அந்தச் செயலிக்குப் பெயர் வைத்தவர்கள் திருவள்ளுவர் கல்விக்குச் சொன்ன உவமையை நினைத்தே வைத்திருக்கிறார்கள். மணற்கேணியில் தோண்டிய அளவுக்குத்தான் நீர் ஊறும். தோண்டுவது பிள்ளையின் வேலை. எங்கே தோண்டுகிறது, எங்கே களைத்து உட்கார்ந்துவிட்டது என்று கூட நின்று பார்ப்பது நமது வேலை. அந்த வேலையை ஏற்றுக்கொள்ள இதுவரையில் எந்தத் திரையும் முன்வரவில்லை.