மைலோ டின்னுக்குள் மலாக்கா

கல்விச் சுற்றுலா என்றால் மலாக்கா. மலாக்கா என்றால் சிவப்புக் கட்டடம். பேருந்து நின்றதும் பிள்ளைகள் மணிக்கூண்டின் முன் வரிசை கட்டுவார்கள், ஆசிரியர் கைப்பேசியைத் தூக்குவார், ஐந்து நிமிடத்தில் ஐம்பது படம். வாட்ஸ்அப் குழுவில் ஏறியபின் அவற்றை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அடுத்த முறை ஆளுக்கொரு காலி மைலோ டின் கொடுத்துப் பாருங்கள்.

டின்னின் உட்புறத்துக்கு மினுமினுப்பில்லாத கறுப்புச் சாயம் பூச வேண்டும். பக்கவாட்டில் சிறு ஓட்டை வெட்டி, அதன்மேல் குளிர்பான டின்னில் கத்தரித்த மெல்லிய தகட்டை ஒட்டி, தகட்டில் ஊசிமுனையால் ஒரே ஒரு துளை. துளையை மூடக் கறுப்பு டேப். இருட்டறையில் வைத்து, துளைக்கு எதிர்ப்புறம் கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளை வளைத்துச் செருகி மூடிவிட்டால் கேமரா தயார். டேப்பை உரித்ததும் படம் பதியத் தொடங்கும். நல்ல வெயிலில் அரை நிமிடத்திலிருந்து ஓரிரு நிமிடம் ஆகும். டின்னுக்கு டின் மாறும் என்பதால் பள்ளித் திடலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குத் திரும்பி, சிவப்பு விளக்கில் தாளைக் கழுவினால் கறுப்பு வெள்ளை தலைகீழாக மாறிய படம் கிடைக்கும். அதைக் கைப்பேசியில் எடுத்து நிறத்தைத் திருப்பிவிடலாம்.

ஒரு டின்னுக்கு ஒரே படம். எங்கே வைப்பது, எதைப் பார்த்து வைப்பது என்று பிள்ளை சுற்றிச் சுற்றி நடக்கும். அந்த நடைக்காகவே இதைச் செய்யலாம் என்பேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நகர்கிறவர்கள் யாரும் இந்தப் படத்தில் விழமாட்டார்கள். 1838-இல் பாரிஸ் வீதி ஒன்றை டாகுவேர் எடுத்த புகழ்பெற்ற படத்தில், வண்டிகளும் கூட்டமும் நிறைந்த தெரு வெறிச்சோடிக் கிடக்கும். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்தவரும் மட்டும் தெரிவார்கள். மனிதர் பதிவான மிகப் பழைய புகைப்படமாக அறியப்படுவது அதுதான். நம் பிள்ளைகளின் படத்திலும் சுற்றுப்பயணிகள் கரைந்துபோவார்கள். 1753-இல் கட்டி முடித்த தேவாலயமும், 1886-ஆம் ஆண்டு மணிக்கூண்டும், சவாரிக்காகக் காத்திருக்கும் திரிஷாக்காரரும் இருப்பார்கள்.

(திரிஷா ஓடும்போது எடுக்கக் கைப்பேசிதான் சரி. புரோ முறையில் ஷட்டரை முப்பதில் ஒரு நொடிக்கு வைத்து, வண்டியோடு சேர்த்துக் கையையும் திருப்பினால் வண்டி தெளிவாகவும் தெரு கோடுகளாகவும் விழும். பத்துக்கு ஒன்று தேறினாலே வெற்றி.)

ஆனால் டின்னை நகரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். திரும்பும் வழியில், இன்னும் ஆள் குடியிருக்கும் லயன் வீடு ஒன்றின் முன்னும் வைக்கச் சொல்லுங்கள். "பாட்டி, ரெண்டு நிமிஷம் அசையாம உக்காருங்க" என்று கேட்க ஒரு பிள்ளைக்குத் துணிச்சல் வேண்டும். அந்த இரண்டு நிமிடம் முடிந்ததும் பாட்டி பேச ஆரம்பித்துவிடுவார். நேரம் ஒதுக்கி வையுங்கள்.

மலாயாவின் முதல் ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896-இல் போட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். இன்று நம் பிள்ளைகளில் பலர் பால்மர இலையைக் கையில் தொட்டதில்லை, பார்ப்பதெல்லாம் செம்பனை. அதனால் இலையும் ஒரு படமாகட்டும். ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நீலப்பட முறை இதற்கு உகந்தது. கேமராவே வேண்டாம். இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து பூசிய தாளை (பூசுவது ஆசிரியர், கையுறையோடு) இருட்டில் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். ஒரே காம்பில் மூன்றாக விரியும் இலையை அதன்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் பத்து நிமிடம் விட்டு, வாளித் தண்ணீரில் அலசினால் போதும். நீலத்தின் நடுவே இலை வெள்ளையாக எழும்பும்.

காய்ந்தபின் தாளின் பின்புறம் பென்சிலால் தேதியையும் தோட்டத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், பாட்டி சொன்ன பெயரையே. வரைபடத்தில் அந்த இடத்துக்கு வீடமைப்புப் பகுதியின் பெயர் வந்திருக்கலாம்.