சுண்ணாம்புக் கோடு

போன மார்ச் மாதம் நாங்கள் நாலு பேர் பெங்களூரிலிருந்து சேலத்துக்குக் காரில் கிளம்பினோம். திட்டம் ரொம்ப எளிமை. வழியில் அந்தந்த ஊர்க் கறியைச் சாப்பிட வேண்டும், அந்தந்த ஊர் சரக்கைக் குடிக்க வேண்டும். (வண்டி ஓட்டியவனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது.) 'லோக்கல்' என்ற வார்த்தையை அன்றைக்குக் காருக்குள் எத்தனை தடவை சொன்னோம் என்று கணக்கே இல்லை. கிருஷ்ணகிரி தாண்டி, காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், கூட வந்த நண்பனின் பெரியப்பா தோட்டத்தில் வண்டியை நிறுத்தினோம்.

கறி விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. காலையில் வெட்டிய வெள்ளாடு. பெரியப்பா காய்ந்த பனைமட்டையைப் போட்டுக் கொளுத்தி, தீ அடங்கித் தணலாகும்வரை எங்களைக் கிட்டவே விடவில்லை. முதலில் சுவரொட்டியும் ஈரலும். அப்புறம் கம்பியில் குத்திய தொடைக்கறி, உப்பு, மிளகாய்த்தூள், அவ்வளவுதான். கொழுப்பு தணலில் சொட்டும்போது எழுந்த புகையை, பெங்களூரில் தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கும் எந்த பார்பிக்யூ கடையிலும் நான் முகர்ந்ததில்லை.

"குடிக்க என்ன இருக்கு பெரியப்பா?" என்று நண்பன் கேட்டான்.

தோட்டத்து வரப்பில் பதினேழு பனைமரம் நிற்கிறது. பாளை விட்டிருந்த காலம். பெரியப்பா ஒரு சொம்பு பதநீர் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை. "கலயத்துல சுண்ணாம்பு தடவுனா இது. தடவாட்டி கேஸு. எங்க அண்ணன் ஒரு தடவ தடவல, மூணு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாரு" என்றார். பிறகு அவரே வழி சொன்னார்: "பீரு வேணும்னா மெயின்ரோட்டுலருந்து உள்ள தள்ளி கவருமெண்டு கடை இருக்குது, போய் வாங்கிட்டு வாங்க."

போய் வாங்கிவந்தோம். அந்த பீர்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அதில் லோக்கல் என்று ஒன்றுமே இல்லை. பார்லி ராஜஸ்தான் பக்கம் விளைவது. ஹாப்ஸ் பெரும்பாலும் கடல் தாண்டி வருவது. பெங்களூரில் நாம் 'கிராஃப்ட்' என்று கொண்டாடிக் குடிக்கும் பீருக்கும் பெரும்பாலும் இதே கதைதான், ஊற்றிக் கொடுக்கும் இடம் மட்டும்தான் உள்ளூர். பதினேழு பனைக்கு அடியில் உட்கார்ந்து, அந்தப் பனையின் மட்டையில் சுட்ட கறிக்கு, எங்கிருந்தோ வந்த தானியத்தின் சாராம்சத்தைத் தொட்டுக்கொண்டோம். மரத்தில் ஊறுவதைக் குடித்திருந்தால் குற்றவாளிகள். கடையில் வாங்கிக் குடித்ததால் அரசுக்கு வருமானம் தந்த நல்ல குடிமக்கள்.

இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அப்படிப் போக மனசில்லை.

இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் செத்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235-ஆவதாக இருக்கிறது. அவனுடைய வேல், வீரம் எல்லாம் அதில் பின்னால்தான் வருகின்றன. கள்ளையும் எலும்போடு கூடிய கறியையும் அவன் எப்படிப் பகிர்ந்துகொண்டான் என்பதைத்தான் அந்தப் பாட்டு முதலில் நினைக்கிறது. காரிமங்கலத்திலிருந்து தெற்கே போனால் நெடுஞ்சாலையோரம் அதியமான்கோட்டையில் அவனுக்கும் ஔவைக்கும் அரசே நினைவுக்கோட்டம் கட்டிவைத்திருக்கிறது. அந்த விருந்தை இன்றைக்கு அதே ஊரில் நடத்தினால் இரண்டு பேர்மீதும் வழக்கு போட வேண்டியிருக்கும்.

சங்க காலத்தைக் காட்டிச் சட்டம் இயற்ற முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். சமீப காலத்துக்கே வருவோம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். தர்மபுரி 1965-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதாவது காரிமங்கலமும் அந்தச் சோதனைக்களத்துக்குள்தான் இருந்தது. அதற்கும் முன்னால், மதுவிலக்குக்காகப் பெரியார் தன்னுடைய தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்ததும் இந்தச் சேலத்துப் பக்கம்தான். அவர்கள் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. அது நேர்மையான நிலைப்பாடு: குடி கெடுதல், ஆகவே எதுவும் வேண்டாம்.

இன்றைக்கு இருப்பது அதுவா? 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடி திறந்தது. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவு சாத்தப்பட்டது. 1983-இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடையையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 2023–24-இல் மது மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதற்குப் பெயர் மதுவிலக்கு இல்லை. பனைக்கு மட்டும் விலக்கு, ஆலைக்கு வரவேற்பு.

நான் இன்ஜினியர், ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி. கள் பொதுவாக ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம். அந்த 77 மில்லி உடம்புக்குள் போக ஒருவர் ஒன்றரை லிட்டர் கள் குடிக்க வேண்டும். ஒரே மடக்கில் குவார்ட்டரை முடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை லிட்டரை யாரும் அப்படி முடிக்க முடியாது. தவிர, கள்ளுக்குக் கெடு ஒரு நாள். மறுநாள் அது காடியை நோக்கிப் போய்விடும். பதுக்க முடியாது, தூரம் கொண்டுபோக முடியாது. அதனாலேயே அது விளைகிற ஊரிலேயே விற்றாக வேண்டிய சரக்கு. பெரிய முதலாளிக்கு அதில் வேலையே இல்லை.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்து ஆட்களையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. கள் உணவுதான், போதைப்பொருளே இல்லை என்கிறது கள் இயக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. கள்ளில் ஆல்கஹால் இருக்கிறது, நிறையக் குடித்தால் போதை ஏறும், தினமும் குடித்தால் உடம்பு கெடும். பொய்யை வைத்து உரிமை கேட்டால் அந்த உரிமை நிலைக்காது. இன்னொரு கூட்டம் 'தமிழர் பானம்' என்று புல்லரித்துக்கொள்கிறது. பனை ஏறியவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்த வரலாறு அந்தப் புல்லரிப்பில் காணாமல் போகிறது. மார்பில் காய்ப்பு ஏற ஏற மரம் ஏறியவரின் பிள்ளை வேறு வேலைக்குப் போனால் அதில் வருத்தப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஏற விரும்புகிறவரைக் குற்றவாளி ஆக்காதே என்பது மட்டும்தான் என் கேட்பு.

உண்மையான எதிர்வாதம் எனக்கு வீட்டிலிருந்து வந்தது. சேலத்தில் என் சித்தியிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். சித்தப்பா குடித்தே போனவர். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "கள்ளுக்கடை, கவர்மெண்ட் கடை ரெண்டும் வேணாம்டா. எந்தக் கடையும் வேணாம்" என்றாள்.

அதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்ததில், அவள் சொன்னது இன்றைய ஏற்பாட்டுக்கு ஆதரவே இல்லை என்று புரிந்தது. அவள் எல்லாவற்றையும் மூடச் சொல்கிறாள். அரசு ஒன்றை மட்டும் மூடிவிட்டு, சித்தப்பாவைக் கொண்டுபோனதை ரசீதோடு விற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கடையில் வாங்கக் காசு இல்லாதவன் எங்கே போவான் என்பதற்கான பதில் அது. மலிவான, லேசான, கண்காணிப்புக்குள் இருக்கும் ஒரு பானம் அவனுக்கு இல்லவே இல்லை.

கள்ளிலும் கலப்படம் வரும், தெரியும். தெலங்கானாவில் கள்ளில் தூக்கமருந்தைக் கலப்பது நெடுநாள் தலைவலி. அதற்காகத்தான் உரிமம், பரிசோதனை, மரக்கணக்கு எல்லாம் வேண்டும் என்கிறேன். கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969 சட்டத்தின் வழியாக நலநிதியே இருக்கிறது. கோவா தன் முந்திரி ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு வாங்கியது. நம் அரசோ பனையை மாநில மரம் என்று வைத்துக்கொண்டு, வெட்ட வேண்டுமானால் ஆட்சியரிடம் அனுமதி வாங்கு என்று 2021-இல் அறிவித்தது. வருமானம் தராத மரத்தை எந்த விவசாயி எத்தனை நாள் நிற்கவிடுவான்? செங்கல் சூளைக்காரன் காசோடு வாசலில் நிற்கும்போது?

கடைசியாக நம்மிடம் வருகிறேன், இதைப் படிக்கும் உங்களிடமும் காரில் போன என்னிடமும். குமரகம் போய்க் கள்ளுஷாப்பில் மீன்கறியோடு படம் எடுத்துப் போடுகிறோம். கோவாவில் ஃபெனி பற்றி நாலு பத்தி எழுதுகிறோம். ஊர் திரும்பும் வழியில், காரிமங்கலத்தில், பெரியப்பா வைத்த சொம்பைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடுத்தவன் ஊர் பானம் நமக்குப் பண்பாடு. நம் ஊர் பானம் பெரிசுகள் ஒளிந்து குடிக்கும் கேவலம். இந்த வெட்கம்தான் அந்தச் சட்டத்தை 1987-லிருந்து தாங்கி நிற்கிறது. வாங்கிக் குடிக்கிறவனே கேட்காதபோது ஆள்கிறவர்களுக்கு என்ன அவசரம்?

எல்லாக் கடையையும் மூடுங்கள், சித்தியோடு சேர்ந்து நானும் கைதட்டுகிறேன். மூட முடியாது என்றால் பனைக்காரனையும் விற்கவிடுங்கள். இரண்டில் ஒன்று.

கிளம்பும்போது பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் கேனில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். "சுண்ணாம்பு சரியா போட்டிருக்கு, வழியில பிடிச்சாலும் பயமில்ல" என்றார். தன் மரத்தின் சாற்றைத் தன் பிள்ளைகளுக்குத் தரும்போது ஒரு கிழவர் சொல்ல வேண்டிய வார்த்தையா அது?