கட்சி வாசலில் சுயேச்சை அபேட்சகர்

பங்குக் கிணற்றிற் பங்கில்லாத ஒருவர் பட்டையோடு வந்து, "இன்றைய இறைப்பு முறை எனக்குரியது" என்று நின்றால் என்ன நிகழுமென்பதை யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நியாயதுரந்தரர்களுக்கோ அறவே வேண்டியதில்லை. அவர்களிற் பலருடைய வீடுகள் அத்தகைய வழக்குகளினால் எழுந்தவையே. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இதனையொத்த வழக்கொன்று நூறாண்டுக் காலமாகத் தீராதிருக்கின்றது. ஒரு கட்சி தன் அபேட்சகரைத் தெரிந்தெடுப்பதற்கென நடைபெறும் தேர்தலில், அக்கட்சியைச் சேராத சுயேச்சையாளர் போட்டியிடலாமா என்பதே அவ்வழக்கு.

இத்தேர்தலை அவர்கள் 'பிறைமரி' என்பர்; நாம் முதனிலைத் தேர்தல் என்போம். முன்னர் கட்சித் தலைவர்கள் சிலர் மாநாட்டு மண்டபத்தின் பின்னறையிற் கூடி அபேட்சகரைத் தீர்மானித்தனர். அம்முறையை உடைக்க விஸ்கொன்சின் மாநிலத்து ஆளுநர் லா பொலெற் போராடினார். அவருடைய முயற்சியால் 1903 ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தை 1904 இல் மக்கள் தம் வாக்கினால் ஏற்றனர். மாநிலம் முழுவதற்குமான முதனிலைத் தேர்தல் இவ்வாறு பிறந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. பெரும்பாலான மாநிலங்களில் இத்தேர்தலை நடத்துவோர் அரசாங்க உத்தியோகத்தர். செலவு பொதுத் திறைசேரியினுடையது. தெரிவு கட்சிக்குரியது, பணமோ பொதுமக்களுடையது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

அண்மைக் காலத்தில் இச்சிக்கலை உலகறியச் செய்தவர் வெர்மொன்ற் மாநிலச் செனற்றர் பேர்ணி சாண்டர்ஸ். 1990 இற் சுயேச்சையாளராகவே பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவான அவர், 2015 இல் ஜனநாயகக் கட்சியின் சனாதிபதி நியமனத்தை நாடினார். நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலோ, போட்டியிடுபவர் தாம் அக்கட்சியிற் பதிவுபெற்றவரென உறுதியளித்தல் வேண்டும். வெர்மொன்றில் வாக்காளரைக் கட்சிவாரியாகப் பதியும் வழக்கமே இல்லை; இல்லாத இடாப்பில் ஒருவருடைய பெயரைத் தேடுவது எங்ஙனம்? எழுந்த ஆட்சேபனையை 2015 நவம்பரில் அங்குள்ள தேர்தற் சட்ட ஆணைக்குழு தள்ளிவிட்டது. 2016 பெப்ரவரியில் அதே மாநிலத்தில் சாண்டர்ஸ் 60 வீத வாக்குகளைப் பெற்று ஹிலரி கிளின்ரனைத் தோற்கடித்தார். ஈற்றில் நியமனம் கிளின்ரனுக்கே கிடைத்தது. சாண்டர்ஸ் தனித்து நிற்கவில்லை. தம்மை வென்றவருக்கு ஆதரவு திரட்டினார். அவர் நடந்துகொண்ட முறையில் நாம் குறை காணோம்.

ஆயின், சொந்த மாநிலத்தில் அவர் கைக்கொண்ட வழக்கத்தை நாம் ஒப்புக்கொள்ளோம். 2006 இலும் 2018 இலும் வெர்மொன்றில் ஜனநாயகக் கட்சியின் செனற் நியமனத்தை முதனிலைத் தேர்தலில் வென்று, பின் அதனை வேண்டாமென மறுத்துச் சுயேச்சையாகவே அவர் நின்றார். இதனால் அக்கட்சியின் பெயரில் வேறொருவர் எதிர்த்து நிற்காமற் போயினர். முறையைப் பெற்றுக்கொண்டு நீரிறைக்காமல், மற்றவரையும் இறைக்கவிடாமற் செய்வதற்கு ஒப்பானது இது. கட்சித் தலைமை இதற்கு உடன்பட்டே இருந்தது என்பர். தலைமை உடன்பட்டிருக்கலாம். அபேட்சகர் ஒருவரைத் தெரிந்தெடுக்கவென வாக்குச்சாவடிக்குச் சென்ற வாக்காளரிடம் உடன்பாடு கேட்டவர் யார்?

2018 இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு புதியதொரு விதியை வகுத்தது. சனாதிபதி நியமனத்தை நாடுபவர் தாம் ஜனநாயகக் கட்சியினரென்றும், நியமனத்தை ஏற்று அக்கட்சியினராகவே பதவி வகிப்பாரென்றும் எழுத்தில் உறுதியளித்தல் வேண்டும். 2019 மார்ச்சிற் சாண்டர்ஸ் அவ்வாறே கையொப்பமிட்டார். அதே வாரத்தில், 2024 செனற் தேர்தலுக்குச் சுயேச்சையாளராகவும் பத்திரம் தாக்கல் செய்தார்! நகைப்புக்கிடமான செய்திதான். எனினும் விதி நல்ல விதியே. நுழைய விரும்புபவர் எவராயினும் அவருக்கு ஒரே நிபந்தனை, அதுவும் முன்கூட்டியே எழுதப்பட்ட நிபந்தனை.

நியூயோர்க் மாநிலம் சென்ற வழி வேறு. அமெரிக்கத் தொழிற் கட்சியைச் சேர்ந்த விற்றோ மார்க்கன்ரோனியோ என்பவர் தம் கட்சியின் முதனிலைத் தேர்தலோடு பிற கட்சிகளின் முதனிலைத் தேர்தல்களிலும் நின்று வென்று வந்தார். 1944 இல் இரு பெருங் கட்சிகளின் நியமனமும் அவர் கையில் இருந்தது. 1947 இல் வில்சன்-பக்குலா சட்டம் வந்தது. கட்சியைச் சேராதவர் அதன் முதனிலைத் தேர்தலில் நிற்பதாயின் கட்சிக் குழுவின் அனுமதியைப் பெறவேண்டுமென அது விதித்தது. இன்றும் அச்சட்டம் நடைமுறையிலிருக்கின்றது. 1948 இல் தம் கட்சியின் பெயரில் மட்டும் நின்றும் அவர் வென்றார். 1950 இல் ஏனைய கட்சிகள் ஒன்றுகூடி ஒருவரை நிறுத்தியபோதே தோற்றார். அயலாருக்கு நிபந்தனை விதித்ததை நாம் பிழையென்னோம். வாசற் திறப்பை மீண்டும் குழுவினர் கையிற் கொடுத்ததே பிழை. வேண்டியவருக்குத் திறக்கவும் வேண்டாதவருக்குப் பூட்டவும் வல்லதன்றோ அத்திறப்பு? லா பொலெற் உடைத்த பின்னறை இச்சட்டத்தினால் மறுபடியும் கட்டப்பட்டது.

"கட்சி எங்கள் சொந்த வீடு, யாரை உள்ளே விடுவதென்பது எங்கள் விருப்பம்" என்போருக்கு ரெக்சாஸ் மாநிலத்தின் கதையை நினைவூட்டுகின்றோம். அங்கு அக்காலத்தில் ஜனநாயகக் கட்சியின் நியமனம் பெற்றவரே பொதுத் தேர்தலில் வெல்வார். முதனிலைத் தேர்தலே உண்மையான தேர்தல். அதில் கறுப்பின மக்கள் வாக்களிக்கலாகாதெனக் கட்சி மாநாடு தீர்மானித்தது. தனிப்பட்ட சங்கமொன்றின் தீர்மானமாதலால் அது செல்லுமென 1935 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஹூஸ்டன் நகரத்துப் பல்வைத்தியர் லொனி ஸ்மித் தொடுத்த வழக்கிலேயே, 1944 இல், அத்தீர்ப்பு வீழ்ந்தது. ஒன்பது நீதியரசருள் எண்மர் அவர் பக்கம் நின்றனர். சொந்த வீடென்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமா?

ஆகவே, சுயேச்சையாளர் போட்டியிடலாம் என்பதே எமது கருத்து. நியமனத்தை வென்றால் அக்கட்சியின் பெயரிலேயே நிற்கவேண்டும். தோற்றால் அதே தேர்தலில் வேறு பெயரில் எழுந்து வரலாகாது. தோற்றவர் மீண்டும் நிற்பதைத் தடுக்கும் சட்டங்கள் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் உள. கனெக்ரிக்கட்டில் அது இல்லை. அதனாலேயே 2006 ஓகஸ்றிற் கட்சி வாக்காளரால் நிராகரிக்கப்பட்ட செனற்றர் ஜோ லீபர்மன், நவம்பரிற் புதுக்கட்சியொன்றின் பெயரில் நின்று அதே ஆசனத்தை வென்றார்.

இவை கடல் கடந்த கதைகளென்று வாசகர் தள்ளிவிடலாகாது. 1977 இல் வட மாகாணத்தின் 14 தொகுதிகளையும் தமிழர் விடுதலைக் கூட்டணி வென்றது. கூட்டணியின் நியமனமே வெற்றியாயிருந்த அத்தேர்தலில், நியமனஞ் செய்வதில் வாக்காளருக்குப் பங்கிருக்கவில்லை. 1989 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் விருப்பு வாக்கு இருக்கின்றது. ஆயினும் கட்சிச் செயலாளர் கையொப்பமிட்ட பட்டியலுக்குள்ளேதான் அவ்விருப்பு. பட்டியலில் இடம்பெறாதவருக்குச் சுயேச்சைக் குழு அமைப்பதே வழி. அதனால் வாக்குகள் சிதறுகின்றனவென்று ஒவ்வொரு தேர்தலின் பின்னரும் எமது கட்சிகள் அழுகின்றன. அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன்னராவது, ஒரு மாவட்டத்திலாவது, கட்சி அங்கத்தவரின் இரகசிய வாக்கினால் அபேட்சகரைத் தெரிந்து, முற்கூறிய நிபந்தனைக்குக் கையொப்பமிடும் வெளியாருக்கும் அத்தெரிவில் இடமளிக்க எமது கட்சிகளுள் எது முன்வரும்? அதன் செயலாளர் எழுதினால் இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.